ஐந்தாவது முயற்சியில் உடைந்த எண்

வீட்டிலிருக்கும் கால்குலேட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் ஏறாது. 4,29,49,67,297-க்கோ பத்து இலக்கம். 2-இன் 32-ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இது. இது பகா எண் அல்ல என்பதைப் பென்சிலால் மட்டுமே காட்ட முடிகிறதா பார்ப்போம் என்று, கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துவைத்து உட்கார்ந்தேன்.

2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்து நிற்பது இதுதான். அந்த ஐந்தும் பகா எண்கள். பின்னால் வருபவையும் அப்படியே இருக்கும் என்று 1640 வாக்கில் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இதை 641 வகுக்கும் என்று காட்டிவிட்டார். ஆக, விடை தெரிந்த கணக்குதான். 641-ஐ அவர் எங்கிருந்து பிடித்தார் என்பதே என் கேள்வி.

பிடி இதுதான். 2-ஐ இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஒரு வகு எண்ணால் வகுத்து மீதியை மட்டும் குறித்து வருவோம். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64-ஆவது படியில்தான் மீதி முதன்முதலாக 1 ஆகும். அந்த 64, வகு எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மிச்சமின்றி வகுத்தாக வேண்டும்; வகு எண்ணில் ஒன்று குறைத்தால் வரும் படியிலும் மீதி 1 ஆகும் என்ற ஃபெர்மாவின் தேற்றத்திலிருந்தே இது கிடைப்பது. மனிதர் தம் கத்தியைத் தம் எண்ணின்மேல் வைத்துப் பார்க்காமல் விட்டுவிட்டார்!

64-இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 65, 129, 193 என்று போகும். பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே ஆய்லருடையது.

பத்து இலக்கத்தைத் தொடவே வேண்டியதில்லை. 65536 என்பது 2-இன் 16-ஆம் அடுக்கு; அதன் வர்க்கமே 32-ஆம் அடுக்கு. எனவே 65536-ஐ வகுத்து மீதி கண்டு, அந்த மீதியை வர்க்கப்படுத்தி, ஒன்று கூட்டி, மறுபடி வகுத்தால் போதும். 193-க்கு 109 மிஞ்சியது. 257-க்கு 2, 449-க்கு 325, 577-க்கு 288. 641-க்கு 353.

ஆய்லரைச் சந்தேகிக்கும் துணிச்சல் எனக்கில்லை. மறுநாள் காலை நோட்டைப் புரட்டினால், 641-ஐ இரட்டித்து 1382 என்று எழுதி வைத்திருக்கிறேன். நூறு கூடுதல். திருத்திப் போட்டேன்: 65536-இல் 65382 போக 154. அதன் வர்க்கம் 23716. 641-ஐ 37 ஆல் பெருக்கினால் 23717. ஒன்று குறைகிறது, எண்ணின் வாலில் தொங்கும் அந்த +1 வந்து அதைச் சரிக்கட்டிவிடுகிறது. இந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் கட்டம் போட்டிருக்கிறேன்.

ஈவு 67,00,417. இது பகா எண்தானா? லூக்காஸ் பின்னாளில் 64-ஐ 128 ஆக இறுக்கிக் கொடுத்ததால் வேலை பாதியாயிற்று. ஈவின் வர்க்கமூலமான 2588 வரை, 128-இன் மடங்குடன் ஒன்று கூட்டி வரும் பகா எண்களைப் பார்த்தால் போதும். 257 முன்பே கழிந்துவிட்டது. 641, 769, 1153, 1409 ஆகியவற்றுக்கு முறையே 44, 120, 334, 622 மிஞ்சின. பகா எண்ணேதான்.

அடுத்தது 2-இன் 64-ஆம் அடுக்குடன் ஒன்று. 1880-இல் லாண்ட்ரி அதை உடைத்தார். சிறிய வகு எண் 2,74,177. அதாவது 256-இன் 1071-ஆவது மடங்குடன் ஒன்று. என் நோட்டில் மிச்சமிருப்பது பதினொரு பக்கம்.