பணித்தளம் இல்லாத நாட்கள்

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

எங்கள் சபைச் சேகரத்தின் செயலர் ஐயா போன் பண்ணினார்கள். வருகிற ஞாயிறு மிஷனெரி ஞாயிறு. "நீங்கதாம்மா சாட்சி சொல்லணும். எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க, எத்தனை ஊர்ல சபை வந்துச்சுன்னு சொல்லுங்க. கேக்கிறவங்களுக்கு உற்சாகமா இருக்கும்." சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலையில், மால்டோ என்ற பழங்குடி ஜனங்கள் நடுவில் மிஷனெரியாக இருந்தவள் நான். டிஸ்க் விலகிப்போய், இனி மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் பாளையங்கோட்டையில் அம்மாவோடு இருக்கிறேன். நான் இருந்த ஊரில் ஒருவரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பிள்ளைகள் எழுதப் படிக்கப் பழகினார்கள். மலேரியாவில் கிடந்தவர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். மாத அறிக்கையில் 'புதிய விசுவாசிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஸ்கேல் வைத்து ஒரு சின்னக் கோடு போடுவேன். மற்றக் கட்டங்களைவிட அந்தக் கோட்டுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

ஆகஸ்ட் 7, புதன்

ஜெபக்குழு அக்காமார் வந்திருந்தார்கள். ஓர் அக்கா வில்லியம் கேரியைச் சொல்லித் தேற்றினார்கள். இங்கிலாந்திலிருந்து 1793-இல் வங்காளத்துக்கு மிஷனெரியாக வந்தவருக்கு 1800 டிசம்பர் கடைசியில்தான் முதல் கனி, அதாவது முதல் விசுவாசி. கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். "பொறுத்திருந்தா கனி வரும்மா."

அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் இந்தக் கதையை எல்லாரும் 1800-இல் நின்றுகொண்டே சொல்கிறோம். அதற்கு முந்தின வருஷங்களில் கேரி ஐந்து வயது மகன் பீட்டரைப் புதைத்தார். மனைவி டாரதிக்குப் புத்தி பேதலித்தது. அன்றைக்குக் கிருஷ்ண பால் என்று ஒருவர் வரப்போவது அவருக்குத் தெரியாது. அவர் வராமலே போயிருந்தாலும் ஆண்டவருக்குக் கேரி மேல் இருந்த பிரியத்தில் ஒரு துளியும் குறைந்திருக்காது. என்னிடம் யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

தம்பி காரில், இடுப்புக்குத் தலையணை வைத்து, டோனாவூர் போய்வந்தோம். களக்காட்டுப் பக்கம் காற்று பலமாக அடித்தது. அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறைக்குக் கல் கிடையாது. வைக்கக்கூடாது என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும், அதில் 'அம்மை' என்ற எழுத்து. 1931-இல் விழுந்து அடிபட்டவர்கள், 1951 ஜனவரியில் கண்மூடும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார்கள்.

"படுக்கையில் கிடந்தும் எத்தனை புஸ்தகம் எழுதினாங்க!" என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். உண்மைதான், அந்தப் புஸ்தகங்களால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனாலும் அப்படிச் சொல்லும்போது, நடக்கமுடியாத ஒரு பெண்ணின் மதிப்பைக் காப்பாற்ற மறுபடியும் ஒரு எண்ணிக்கையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். வலியில் பேனாவே பிடிக்கமுடியாத நாட்களிலும் அவர்கள் பிதாவின் பிள்ளைதானே? எனக்கு அந்த நாட்கள்தான் வேண்டியிருக்கிறது. காலையில் அம்மா தாங்கிப் பிடித்தால்தான் கட்டிலைவிட்டு எழுந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோயிலில் சாட்சி சொல்ல எழுந்து, லூக்கா 10 வாசித்தேன். ஆண்டவர் ஊழியத்துக்கு அனுப்பின எழுபது பேரும் சந்தோஷமாகத் திரும்பி வருகிறார்கள்; பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்கிறார்கள். அறிக்கை என்றால் அதுதான் அறிக்கை! ஆண்டவரோ, அதற்காகச் சந்தோஷப்படாமல், "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்" என்கிறார். தோற்றுப்போய் வந்தவர்களுக்குச் சொன்ன ஆறுதல் இல்லை இது. ஜெயித்து வந்தவர்களிடம் சொன்னது. அப்படியானால் ஜெயித்தவர்களுக்கும் எனக்கும் சந்தோஷத்தின் காரணம் ஒன்றுதான்.

யோர்தான் நதியில் ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்றதையும் சொன்னேன். "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்தபோது ஆண்டவர் ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை, ஒரு வியாதியஸ்தனையும் தொட்டிருக்கவில்லை. பிதாவின் பிரியம் முதலில்; ஊழியம் அதற்குப் பிறகு. பிறகு, "என் ஊரில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் யாருமில்லை" என்று மைக்கிலேயே சொன்னேன். கோயிலில் விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த ஜனங்கள் ஆண்டவரை அறியவேண்டும் என்று இன்றைக்கும் அழுது ஜெபிக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர்கள்மேல் அன்பு இருப்பதால் அழுகிறேன். என் கட்டத்தை நிரப்புவதற்காக அழவேண்டிய அவசியம் இனி எனக்கில்லை.

ஆராதனை முடிந்ததும் ரிட்டயர் ஆன உபதேசியார் தாத்தா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் வேலைபாத்த ஊர்ல இப்ப ஆராதனையே கெடையாது தாயி. கோயிலப் பூட்டிட்டாங்க. இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல" என்றார். அந்த ஊரைப் பற்றிக் கேட்டேன். தெரு தெருவாக, வீடு வீடாக, யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். புதன்கிழமை ஜெபக்குழுவுக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறேன்.