பியரோவின் ஊர்களில்

அக்டோபர் 9, அரெட்சோ

சான் பிரான்செஸ்கோ தேவாலயத்துக்கு நேரம் குறித்த சீட்டு. அரை மணி நேரம்தான். பலிபீடத்துக்குப் பின்னால் மூன்று சுவர்களிலும், பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா தீட்டிய, கிறிஸ்துவின் சிலுவை மரத்தின் கதை. பாதி நேரத்தை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் கனவைக் காட்டும் காட்சிக்கே கொடுத்துவிட்டேன். கூடாரத்துக்குள் பேரரசர் தூங்குகிறார். மேலிருந்து இறங்கும் தேவதூதனின் வெளிச்சம் துணியில் பட்டுத் தெறிக்கிறது. சுண்ணச் சுவரில் இப்படி ஓர் இரவைக் கொண்டுவர முடியுமா!

அக்டோபர் 10, மோன்டெர்கி

பியரோவின் அம்மாவுடைய ஊர். பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரே ஒரு ஓவியம் பார்க்க வந்தேன்: நிறைமாத மரியாள். ஒரு கை இடுப்பில், மறு கை நீல அங்கியின் பிளவில். இருபுறமும் திரையை விலக்கும் தேவதூதர்கள், ஒரே மாதிரித்தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தவர்கள். அக்கா ஏழாம் மாதத்தில் இப்படித்தான் இடுப்பில் கையூன்றி நிற்பாள். அந்தக் களைப்பை பியரோ எங்கோ பார்த்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இங்கே நுழைவுக் கட்டணம் இல்லை.

அக்டோபர் 12, சான்செபோல்க்ரோ

1492ல் இதே தேதியில்தான் பியரோவை இந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். வேண்டுமென்றே இன்றைக்கு வந்தேன்.

ஊரின் பெயருக்கே புனிதக் கல்லறை என்று பொருள். அதனால் ஊர்மன்றக் கட்டடத்தில் அவர் உயிர்த்தெழுதலை வரைந்தது பொருத்தம். கல்லறை விளிம்பில் ஒரு காலை ஊன்றி எழும் கிறிஸ்து நேராக என்னைப் பார்க்கிறார். இடப்பக்க மரங்கள் மொட்டை, வலப்பக்கம் இலை. கீழே நான்கு வீரர்கள் உறக்கத்தில். தலை சாய்த்துத் தூங்குகிற ஒருவர் பியரோவேதான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944ல் டோனி கிளார்க் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி இந்த ஊரைத் தாக்க வந்திருந்தார். உலகின் சிறந்த ஓவியம் இங்கே இருப்பதாக எப்போதோ படித்தது நினைவுக்கு வர, குண்டுவீச்சை நிறுத்திவிட்டார். ஓவியத்தை அவர் அதுவரை கண்ணால் கண்டதுகூட இல்லை. ஊர்க்காரர்கள் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்புறம் மறுபடியும் உள்ளே போய் அந்த ஓவியத்தின் முன் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 14, உர்பினோ

கோமகன் அரண்மனையில் பியரோவின் 'கசையடி' ஓவியம், கிறிஸ்துவைக் கசையால் அடிக்கும் காட்சி. அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. 1975ல் திருடுபோய் மறு ஆண்டு மீட்கப்பட்ட பலகை. முன்னால் பேசிக்கொண்டு நிற்கும் மூவர், பின்னால் தூரத்தில் கிறிஸ்து. ரோம ஆளுநர் பிலாத்துவின் இருக்கைக்கு அடியில் சின்ன எழுத்தில் லத்தீன் வரி. சான்செபோல்க்ரோ பியரோவின் படைப்பு என்று ஊரையும் சேர்த்தே கையெழுத்திட்டிருக்கிறார்.