சில்வண்டு

நவம்பர் 24, 2023, வெள்ளி

ஆறு நாளாயிற்று. இன்னும் நிற்கவில்லை. பகலில் தெரிவதில்லை. ஃபேனை நிறுத்தினால் வந்துவிடுகிறது. இடது காதில் மட்டும், சில்வண்டு மாதிரி ஒரு ரீங்காரம்.

எங்கள் பேண்டின் வடகிழக்கு டூருக்கு மூட்டை கட்டியாயிற்று. பேஸ் கிடார், மூன்று பெடல், 9 வோல்ட் பேட்டரி எட்டு, ஆலன் கீ, டெஸ்டர், இன்சுலேஷன் டேப், நாப்கின் இரண்டு பாக்கெட். டிரம்மர் அக்கா (கூடப் பிறந்தவள் இல்லை, அப்படித்தான் கூப்பிடுவேன்) ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் எடுத்து வருகிறாள். மீதி டிரம்ஸ் அந்தந்த ஊரில் என்ன கிடைக்கிறதோ அதுதான். பாடும் பாப்பா ஒரு கிடார், நாலு ஜோடி செருப்பு.

"எத்தனை நாள்?" என்றாள் அம்மா. பதினாறு என்றேன். காலண்டரைப் பார்த்துவிட்டு, "டிசம்பர் ஆரம்பத்துலயா" என்றாள். சுவரில் இருக்கும் கோட்டின் பக்கம் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

நவம்பர் 25

கோரமண்டல், காலை ஏழு மணி. அப்பர் பெர்த்தில் பேஸ் படுத்திருக்கிறது, பக்கத்தில் ஒருக்களித்து நான். எதிர் சீட்டுத் தாத்தா கேட்டார், "வீணையாம்மா?" பேஸ் என்றேன். "பஜனையா, ரொம்ப நல்லது" என்று அக்கா கையில் இரண்டு ஆரஞ்சு கொடுத்தார். அக்கா மறுக்கவில்லை. விஜயவாடா வரை நாங்கள் பஜனைக் கோஷ்டியாகவே வந்தோம்.

ரயில் சத்தத்தில் சில்வண்டு கேட்கவே இல்லை. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்.

நவம்பர் 26

விடியற்காலையில் பாப்பா எழுப்பினாள். பஹானகா பஜார். ஜூன் 2ஆம் தேதி சென்னைக்கு வந்துகொண்டிருந்த இதே கோரமண்டல் விபத்துக்குள்ளான இடம். பெட்டியில் யாரும் பேசவில்லை. கீழ் பெர்த் அம்மாள் கைகூப்பியபடி இருந்தார், அந்த ஸ்டேஷன் போய் வெகுநேரம் ஆன பிறகும்.

ஷாலிமாரிலிருந்து ஹவுராவுக்கு டாக்சி. டிக்கியில் சிம்பல், மடியில் ஸ்நேர். மத்தியானம் சராய்காட் எக்ஸ்பிரஸ். ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் குளிப்பது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதலாம்.

நவம்பர் 28, குவாஹாட்டி

நாற்பத்தாறு பேர். ஏழு டி-ஷர்ட் விற்றது. மேடை மானிட்டர் ஸ்பீக்கரில் சத்தம் அதிகம்.

நவம்பர் 29

ஷில்லாங் சாலை. நூறு கிலோமீட்டர்தான், ஆனால் நோங்போவில் டீ குடித்து, உமியம் ஏரியில் பாப்பா போட்டோ எடுத்து, சாயங்காலமாகிவிட்டது. நாலரைக்கே இருட்டு. நம் ஊரில் அப்போதுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருக்கும்.

முதலில் போன தங்கும் விடுதியில் மேனேஜர் அக்காவின் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட ஆண்கள் யாரும் வரவில்லையா? வரவில்லை. அப்போ வண்டி பின்னால் வருகிறதா? இல்லை. பொறுப்பு யார்? அக்கா 41 வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நான்தான் பொறுப்பு" என்று வகுப்பறைக் குரலில் சொன்னாள். ரூம் இல்லை என்றார். இரண்டு தெரு தள்ளி வேறு இடம் கிடைத்தது. ஒரு கோங் நடத்துகிறார் (இங்கே பெரியவர்களான பெண்களைக் கூப்பிடும் முறை அது, நம் அக்கா மாதிரி). அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சாப்பிட்டாயிற்றா?

இரவு பாப்பா பிரகாஷ் பேண்ட் பற்றிக் கேட்டாள். ஸ்ரீநகர் பெண்கள், மூன்று பேர், பத்தாம் வகுப்பு. 2012 டிசம்பரில் ஒரு போட்டியில் மேடை ஏறினார்கள். அப்புறம் இணையத்தில் மிரட்டல், ஃபத்வா. 2013 பிப்ரவரியில் கலைத்துவிட்டார்கள். "நான் அப்போ அஞ்சாவதோ ஆறாவதோ" என்றாள் பாப்பா. அக்கா போர்வைக்குள்ளிருந்து, "நம்மகிட்ட ஆதார்தான் கேக்கறாங்க. தூங்கு" என்றாள்.

தூங்கினார்கள். இங்கே குளிருக்கு ஃபேன் கிடையாது. ராத்திரி முழுக்க சில்வண்டு.

நவம்பர் 30

ஸ்ட்ரிங் வேகவைத்த நாள்.

பேஸ் ஸ்ட்ரிங் செட் விலை அதிகம். கிடார்காரர்கள் மாதிரி வாரத்துக்கொன்று மாற்ற நமக்குக் கட்டுப்படியாகாது. மூன்று மாதம் வாசித்தால் வியர்வையும் தோலும் சுற்றுக்கம்பியின் இடுக்கில் போய் உட்கார்ந்து, சுரம் மட்கிப்போகும். தட்டினால் 'டங்' வராது, 'தொப்' வரும். அதற்குத்தான் இந்த வைத்தியம். யார் கண்டுபிடித்ததோ, நல்லா இருக்கட்டும்.

கோங்கிடம் ஒரு பழைய பாத்திரம் கேட்டேன். நூடுல்ஸா என்றார். நாலு ஸ்ட்ரிங்கையும் தளர்த்திக் கழற்றி, வளையம் வளையமாகச் சுருட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். ஒரு சொட்டு பாத்திர சோப். பத்து நிமிஷம். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் தண்ணீர் மெல்லப் பழுப்பாகும், மேலே எண்ணெய்ப் படலம் ஒன்று வானவில் காட்டும். மூன்று மாதக் கச்சேரியும் அதில் மிதக்கிறது. கோங் எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். இடுக்கியால் எடுத்து, துண்டில் சுற்றித் துடைத்து, அடுப்புக்கு மேலே துணிக்கொடியில் மாட்டினேன். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் உள்ளே துருப்பிடித்துவிடும். மத்தியானத்துக்கு மேல் மாட்டி, சுதி சேர்த்து, ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டினேன். டங். புதுசு மாதிரி. நாலு நாளைக்குத் தாங்கும்.

காதை எடுத்து வேகவைக்க முடியுமா?

ஈ ஸ்ட்ரிங் வினாடிக்கு 41 அதிர்வு. சில்வண்டு எத்தனை என்று போனில் ஒரு ஆப் வைத்துத் தேடினேன். ஹெட்போனின் வலது பக்கம் மட்டும் மாட்டி, மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. 6,000க்குக் கொஞ்சம் மேலே. என் வாத்தியம் எட்டிக்கூடப் பார்க்காத உயரம்.

டிசம்பர் 1

பாப்பாவுக்கு உதட்டில் ஷாக். சவுண்ட் செக்கில் கிடார் கம்பியில் கை, மைக்கில் வாய். அவ்வளவுதான், பின்னால் துள்ளினாள். சின்ன ஷாக்தான், ஆனால் அதற்கப்புறம் மைக் பக்கமே போக மாட்டேன் என்றாள். டெஸ்டரை எடுத்துக் கம்பிகள் உட்காரும் கிடார் பிரிட்ஜில் வைத்தேன், லைட் எரிந்தது. மைக்குக்குக் கரண்ட் ஒரு போர்டிலிருந்து, இங்கே எங்களுக்குக் கொடுத்த ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபயர்) எர்த்தே இல்லாத இன்னொரு போர்டிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் பாப்பா. சவுண்ட் பையன், "குளிரில் அப்படித்தான் இருக்கும் தீதி" என்றான். குளிராவது! ஆம்ப்பைப் பிடுங்கி மைக் போர்டிலேயே மாட்டினேன். டெஸ்டர் அணைந்தது. பையன் அப்புறம் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டான். எனக்கென்னவோ அந்த மரியாதை பிடிக்கவில்லை.

கச்சேரி நன்றாகப் போனது. இது 1972இலிருந்து வருஷா வருஷம் பாப் டிலன் பிறந்தநாளைக் கொண்டாடும் பாடகர் லூ மஜாவின் ஊர். அஃப்ளேட்டஸ் மாதிரி பெண்கள் இசைக்குழு இங்கே முன்பே உண்டு. "பொண்ணுங்களுக்கு நல்லாவே வாசிக்கிறீங்க" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் வந்து இரண்டாவது பாட்டின் நடுவில் டெம்போ ஓடிவிட்டது என்றார். அக்காவுக்குப் பரம சந்தோஷம்.

ஐம்பது நிமிஷம். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாமாம். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88க்கு நாலு, 91க்கு இரண்டு. 100க்குக் கால் மணி நேரம். அக்காவிடம் கணக்குக் கேட்க வேண்டியதில்லை, நானே போட்டுவிட்டேன். பத்து வருஷம்.

டிசம்பர் 2

கோங் க்வாய் கொடுத்தார். நம் வெற்றிலை பாக்குதான், ஆனால் பாக்கு பச்சை. கால் துண்டு வாயில் போட்டதும் காது மடல் சூடேறி, நெற்றி வியர்த்து, உட்கார்ந்துவிட்டேன். கோங் சிரித்துத் தண்ணீர் கொடுத்தார். வீடு அவருடையதுதான். அவர் அம்மாவுடையதாக இருந்தது. இங்குள்ள காசிப் பழங்குடி வழக்கத்தில் கடைசிப் பெண்ணுக்குத்தான் வீடு. அம்மா அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதும் அவள்தான். "நீ எத்தனையாவது?" என்றார்.

மூன்றாவது. கடைசி.

அம்மாவுக்குப் போன் போட்டேன். தூறல்தான் என்றாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

கடையெல்லாம் மூடியிருக்கிறது. தெரு முழுக்க சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கிருந்தோ நாலு குரலில் பாட்டு.

புயலுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். மிக்ஜாம். சாயங்காலம் அம்மா: "மழை விடல. கரன்ட் இன்னும் இருக்கு. நீ ஸ்வெட்டர் போட்டியா?" ராத்திரி பத்தரைக்குப் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. தூங்கியிருப்பாள்.

டிசம்பர் 4

ஸ்விட்ச் ஆஃப்.

திமாபூர் ரயிலில் எழுதுகிறேன். காலை ஆறிலிருந்து முப்பது தடவை இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். வேளச்சேரி என்று தேடினால் வரும் எல்லா வீடியோவிலும் தண்ணீர், எல்லாத் தெருவும் எங்கள் தெரு மாதிரியே இருக்கிறது. ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், பச்சை கேட், எங்கள் கேட்டும் பச்சை. ஏர்போர்ட் மூடியாயிற்று. பேசின் பிரிட்ஜ் பாலத்தில் தண்ணீர் ஏறி சென்ட்ரல் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். போக நினைத்தாலும் வழியில்லை என்பதில் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

பெரியக்கா துபாயிலிருந்து: "நீ அங்க இல்லையா?" சின்னக்கா கோயம்புத்தூரிலிருந்து: "இந்த நேரத்துலயா போகணும்?" அவர்கள் இருவரும் இருபது வருஷமாக அங்கே இல்லை. அதை யாரும் கேட்பதில்லை.

2015 டிசம்பரில் தண்ணீர் வடிந்ததும் அம்மா சுவரை வெள்ளையடிக்க விடவில்லை. பழுப்புக் கோடு என் இடுப்புக்கு மேலே இருக்கிறது. அடுத்த தடவை எவ்வளவு என்று தெரிய வேண்டாமா என்றாள். அதென்ன அடுத்த தடவை என்று சண்டை போட்டேன்.

மேல் வீட்டுக்காரர்கள் நம்பர் என்னிடம் இல்லை. பத்து வருஷம் அதே வீடு. அந்த டெஸ்டர், ஆலன் கீ, எட்டு பேட்டரி, எல்லாம் யோசித்து எடுத்தேன். ஒரு நம்பர் இல்லை.

பாப்பா என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். ரயில் நின்றுவிட்டது. சில்வண்டு.

டிசம்பர் 5, கோஹிமா

மத்தியானம் இரண்டு இருக்கும். மலைப்பாதையில் வண்டி குலுங்கிக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பர்.

"மேல் வீட்டுப் பையன் போனு. சார்ஜ் இல்ல, சீக்கிரம் பேசு" என்றாள் அம்மா. நான் ஒன்றும் பேசவில்லை, அவளே பேசினாள். ஞாயிறு ராத்திரியே மேலே போய்விட்டாளாம். பழக்கத்தில் போனை இடது காதில் வைத்திருந்தேன். "கோட்டுக்கு ஒரு ஆண் கீழ" என்று கேட்டது. என்னது? "ஒரு ஆண்!" வலது காதுக்கு மாற்றினேன். சாண். கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றிருக்கிறது.

"ஃப்ரிட்ஜ் போச்சு. பீரோ கீழ்த்தட்டு போச்சு. உன் பெட்டியை மட்டும் மொதல்லயே தூக்கிட்டுப் போய் மேல வெச்சுட்டேன்."

"எந்தப் பெட்டி?"

"உன் சத்தப் பெட்டிதான். அட்டைப்பெட்டியோட. நான் ஒருத்தியே தூக்கிட்டேன். கனமே இல்லடி."

என் ஆம்ப் ராயப்பேட்டையில் பிராக்டிஸ் ரூமில் இருக்கிறது. வீட்டில் இருந்தது வெறும் அட்டை. நல்லதும்மா என்றேன். போன் செத்துவிட்டது. அக்கா வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். இறங்கி மலையைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் சிரித்தோம், எனக்கு மூக்கில் தண்ணீர் வந்துவிட்டது.

டிசம்பர் 6

ஹார்ன்பில் திருவிழா சீசன், கோஹிமாவில் ரூம் விலை கேட்டால் மயக்கம் வரும். ஒரு ரூம், ஒரு கட்டில், மூன்று பேர். திருவிழா கிஸாமாவில். எங்களுக்கு டவுனில் ஒரு காபிக்கடை மாடி. எண்பது பேர் நின்றுகொண்டே கேட்டார்கள். எல்லாரும் சுதியோடு சேர்ந்து பாடுகிறார்கள், தெரியாத மொழிப் பாட்டை. பாப்பா கடைசிப் பாட்டை முடிக்க முடியாமல் அழுதாள்.

அப்புறம் சிம்பலைத் துடைத்துக்கொண்டே அக்கா, "பத்து வருஷமா எனக்கு வலது பக்கம்தான் நிப்பே. இந்த டூர் முழுக்க இடது பக்கம் நிக்கிறே. என்ன?" என்றாள்.

பழைய இடத்தில் என் இடது காதுக்கு நேரே அவளுடைய கிராஷ் சிம்பல். அதை எப்படிச் சொல்வது? சும்மாதான் என்றேன். அவள் கணக்கு டீச்சர்.

டிசம்பர் 7

நாள் முழுக்க ரயில். அக்கா பேசவில்லை. திட்டுவாள் என்று பார்த்தேன், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

டிசம்பர் 8, குவாஹாட்டி

காது டாக்டரிடம் அக்காதான் இழுத்து வந்தாள். டோக்கன் 14. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. எங்கள் பிராக்டிஸ் ரூமை இப்படி ஆக்க எத்தனை வருஷம் ஆசைப்பட்டோம்! ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தார் அந்தப் பெண். சத்தம் கேட்டால் அழுத்துங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா.

கேட்டது. அழுத்தினேன். மறுபடி கேட்டது, அழுத்தினேன்.

கதவு திறந்தது. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றார்.