நாற்றங்காலில் எடுத்த முடிவு

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதில் பாதியைக்கூட எட்டாத ஓர் ஆண்டில், மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் நிலத்தில் அப்பா குறுவைக்கு நாற்று விட்டார். வழக்கம்போல் ஜூன் 12 அன்று அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். "பம்புசெட் வச்சிருக்கிற பக்கத்து வயல் பச்சையா இருக்கையில, நம்ம வயல் வெடிச்சுக் கிடந்தா பார்க்க முடியாதுப்பா" என்றார்.

ஒரு தொகை கைக்கு வருவதில் உண்டாகும் மகிழ்ச்சியைவிட, அதே தொகை கையைவிட்டுப் போவதில் உண்டாகும் வலி பெரிது என்றும், இழப்பு உறுதி என்று தோன்றிவிட்டால் அதிலிருந்து தப்புவதற்காக மனிதர் துணிந்து இடர் ஏற்கிறார்கள் என்றும் உளவியலாளர்களான டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கினர். தரிசாகக் கிடக்கும் நிலம் அப்பாவின் கணக்கில் ஏற்கெனவே உறுதியாகிவிட்ட இழப்பு. அதோடு ஒப்பிட்டால் விதைநெல்லின் விலை அவருக்குச் சிறிதாகவே தோன்றியிருக்க வேண்டும். இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை, ஏனெனில் உழவரை ஆண்டுதோறும் வயலில் இறங்க வைப்பதும் இதே உணர்வுதான்.

இருபதாம் நாள் நாற்றின் நுனி பழுக்கத் தொடங்கியது. அன்று மாலை அப்பா கைப்பம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, நாற்றங்காலின் ஓரத்தை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டேன்.