எண்ணமா, செயலா: பௌத்த, சமண வாசிப்புக் குறிப்புகள்

மார்ச் 4

மகாவீரரும் புத்தரும் ஒரே காலத்தவர்கள். மகதத்திலும் வைசாலியிலும் நடந்து திரிந்து அறம் சொன்னவர்கள். வேள்வியை இருவரும் மறுத்தார்கள். உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை இருவருமே ஏற்கவில்லை. பாடநூல்கள் இருவரையும் ஒரே பத்தியில் அடக்கிவிடுவதில் எனக்கு மனக்குறை உண்டு. இவ்வளவு நெருங்கியவர்கள் எதை வைத்து வாதிட்டார்கள்?

மார்ச் 6

பௌத்தப் பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலியின் கதை. மகாவீரரின் இல்லறச் சீடரான உபாலி, புத்தரை வாதில் வெல்லப் புறப்படுகிறார். உடல், சொல், மனம் இம்மூன்றின் வினைகளில் எது கொடியது? உடல்வினை என்கிறார் உபாலி. மனவினை என்கிறார் புத்தர். உபாலி தோற்று அடைக்கலம் கேட்கும்போது, நன்றாக ஆராய்ந்து முடிவெடுக்கச் சொல்கிறார் புத்தர். சமணத் துறவிகளுக்கு அந்த வீடு அளித்துவந்த உணவை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்கிறார். வென்றவர் இப்படிப் பேசியது என்னை நெகிழ வைத்தது.

மார்ச் 7

உபாலி கதை பௌத்தர்கள் சொன்னது. எதிர்த்தரப்பு சமண ஆகமமான சூத்திரகிருதாங்கத்தில் இருக்கிறது. சுரைக்காய் என்று நினைத்து ஒரு குழந்தையைக் குத்திச் சுட்டாலும் பாவமில்லை என்பதுதானே பௌத்தர் கொள்கை என்று சமணர்கள் சாடுகிறார்கள். கொடிய உதாரணம், ஆனால் கேள்வி நியாயமானது. சமணத்தில் வினை என்பது நுண்ணிய பொருள். உயிரின்மேல் தூசுபோல் படிவது. கவனமின்மையும் அதைச் சேர்க்கும். அதனால்தான், சிற்றுயிர்களை மெல்ல விலக்க, திகம்பரத் துறவியின் (ஆடை துறந்த சமணத் துறவி) கையில் மயிற்பீலி. தூசு படிய நிலைத்த உயிர் ஒன்று வேண்டும், அதைச் சமணர் ஏற்கிறார்கள். பௌத்தத்தில் அப்படி நிலைத்த ஆன்மா இல்லை, எண்ணமே வினை.

மார்ச் 9

நோன்பும் இதிலிருந்தே விளங்குகிறது. படிந்த வினையைத் தவம் உதிர்க்கும் என்பதால் சமணர் வடக்கிருந்து, அதாவது உண்ணா நோன்பிருந்து, உயிர்விட்டார்கள். புத்தரோ உடலை வாட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்.

மார்ச் 13

தனக்காகக் கொன்றதாகக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் பிக்கு (பௌத்தத் துறவி) ஊனை ஏற்கலாம் என்பது பௌத்த விதி. சமணர்கள் இதை ஒருபோதும் பொறுக்கவில்லை. நீலகேசி என்ற சமணக் காப்பியத்தின் நாயகி நீலகேசியும் இதை எதிர்த்து வாதிடுகிறாள். நான் அவள் பக்கம். உண்பவர் இருப்பதால்தானே கொல்பவர் இருக்கிறார்?

அவள் மறுத்த பௌத்தக் காப்பியமான குண்டலகேசியில் எஞ்சியவை சில பாடல்களே. இன்னொரு பௌத்தக் காப்பியமான மணிமேகலை முழுதாக இருக்கிறது. அதன் சமயக்கணக்கர் காதையில் நிகண்டவாதியும் (சமணன்) பேசுகிறான். அடுத்து அதைத்தான் படிக்கப் போகிறேன்.