மூன்றடி உயரம்

எங்கள் இசை நாடகத்தின் இரண்டாம் பாதியில் கதாநாயகி தனியாகப் பாடும் பாட்டை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு ஆரம்பித்தது. செட்டின் நடுவில் 3 அடி உயரத்தில் ஒரு தளம், ஏறுவதற்குப் படிகள் மட்டும். அந்தப் பாத்திரத்துக்குத் தேர்வானவர் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். அவர் குரலைக் கேட்ட பிறகு தேர்வில் மறுபேச்சே இல்லை. செட் வரைபடமோ அதற்கு முன்பே முடிந்திருந்தது.

சாய்தளம் போடலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். 1:12 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் சரிவுக் கணக்கு. 3 அடி ஏற 36 அடி நீளம் வேண்டும். அவ்வளவு இடம் எடுத்துக்கொண்டால் கோரஸ் ஆட முடியாது. லிஃப்ட் வைத்தால் மோட்டார் சத்தம், அதுவும் வயலின் மட்டும் ஒலிக்கும் இடத்தில். மேடை நிர்வாகம் என் பொறுப்பு என்பதால் அந்த நடிகையிடமே போனேன்.

"உங்களுக்கு எது வசதின்னு சொல்லுங்க, அப்படியே பண்ணிடலாம்."

"வசதியை அப்புறம் பார்க்கலாம் சார். இந்தப் பொண்ணு இந்தப் பாட்டுல எங்க இருப்பா? அதைச் சொல்லுங்க."

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இயக்குநர். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். யாரும் விழாமல், யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கேட்காமல் முடிவெடுத்திருந்தால் அதுதான் அவமரியாதை. ஆனால் மற்ற நடிகர்களிடம் நான் வசதியைக் கேட்டதே கிடையாது. "எட்டு கவுன்ட்டுக்குள்ள மேல போயிடணும்" என்பேன், முடியாவிட்டால் அவர்களே சொல்வார்கள். இவரிடம் மட்டும் முதல் கேள்வியே வேறாகிவிட்டது.

ஒத்திகையில் அவரைக் கவனித்திருக்கிறேன். நீண்ட சுரத்துக்கு முன்னால் பிரேக்கைப் போட்டுக்கொள்வார், இல்லையென்றால் மூச்சை அழுத்தும்போது நாற்காலி லேசாகப் பின்னால் நகரும். அந்த 'டக்' சத்தம் மைக்கில் விழுகிறது என்று ஒலிப்பதிவாளர் முணுமுணுத்தார். மறுநாளிலிருந்து டிரம் அடி விழும் அதே நொடியில் பிரேக்கைப் போட்டார். யாரும் சொல்லித்தரவில்லை. அப்படிப்பட்டவர் சாய்தளத்தைப் பற்றி ஒரு யோசனை சொன்னார்: "ஏறி முடிச்சதும் மூச்சு வாங்கும். வாங்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்பின பொண்ணுதானே, முதல் வரியை அந்த மூச்சோடயே பாடுறேன்."

இசை இயக்குநர் ஒப்பவில்லை. முடிவில் காட்சி முழுவதையும் கீழே இறக்கினோம், கோரஸ் உட்பட. தளம் வெறுமையாக நின்றது. பார்க்க அழகாகவே இருந்தது, கைதட்டலுக்கும் குறைவில்லை. அவரை மட்டும் கீழே தள்ளி வைக்கவில்லை என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ ஏறவே இல்லையே சார்" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். எனக்குத்தான் விட முடியவில்லை.

2019இல் 'ஓக்லஹோமா!' இசை நாடகத்துக்காக அமெரிக்க நடிகை அலி ஸ்ட்ரோக்கர் டோனி விருது வாங்கினார், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் நடக்கும் நாடகங்களுக்குத் தரும் விருது அது. சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. பார்வையாளர் பகுதியிலிருந்து விருது மேடைக்குச் சாய்தளம் இல்லாததால் அவர் மேடைக்குப் பின்னால் காத்திருந்து வந்தார். அவர் நடித்த ஏடோ ஆனி மாற்றுத்திறனாளியாக எழுதப்பட்ட பாத்திரமே அல்ல. மறுபக்கம், 2003இல் பிராட்வேக்கு வந்த 'விக்கட்' நாடகத்தில் நெஸ்ஸரோஸ் என்ற பாத்திரமே சக்கர நாற்காலியில்தான் வருகிறது. நிஜ வாழ்வில் அதைப் பயன்படுத்தும் ஒரு நடிகை பிராட்வேயில் அந்த வேடத்தை ஏற்க 2025 ஆனது. இடமும் பணமும் அங்கே பெரிய தடையாக இருந்திருக்காது. எங்களுக்கு இருந்தது என்று சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை வருவதில்லை.

அடுத்த தயாரிப்புக்கு, நடிகர் தேர்வுக்கு முன்பே செட்டில் சாய்தளம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "யார் வரப்போறாங்கன்னே தெரியாம எதுக்கு?" என்கிறார் இயக்குநர். படிகளை மட்டும் யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்தா போடுகிறோம் என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கதைக்குச் செங்குத்தான படிக்கட்டுதான் உயிர் என்றால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாய்தளத்தை வரைபடத்திலிருந்து எடுக்கவும் நான் சம்மதிக்கவில்லை.