ஒரு சார்ட்டில் நான்கு அட்டையா, ஐந்தா?

பதினோராம் வகுப்பு வணிகவியலில் செலவுக் கணக்கைக் கைவேலையோடு சேர்த்து நடத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் மெழுகுவத்தி, சோப்பு என்று போகிறார்கள். நோட்டு தைப்பது அதைவிட மேல். அடுப்பு வேண்டாம், காயவைக்க வேண்டாம். தையல் பிசகினால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம்.

ஒரு நோட்டுக்கு ஏ4 தாள் 20. இரண்டாக மடித்தால் 80 பக்கம். மொத்தத்தையும் ஒரே மடிப்பாக மடித்தால் முதுகு உப்பிக்கொள்ளும். ஐந்தைந்தாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். 21 செ.மீ. மடிப்பில் நடுவே ஒரு துளை, இரு முனையிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. குத்தூசி உள்பக்கமிருந்து இறங்க வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் துளை மடிப்பை விட்டு விலகிவிடும். நூல் அரை மீட்டர் போதும். அதை முதுகின் போக்கிலேயே இழுத்து இறுக்குங்கள், குறுக்கே சுண்டினால் தாள் கிழியும். தாளின் கனத்தால் உள்தாள்கள் 2 மி.மீ. அளவுக்கு வெளியே நீட்டும். ஓரம் வெட்டுவது தைத்த பிறகுதான்.

பாடம் அட்டையில் இருக்கிறது. 56×71 செ.மீ. சார்ட்டைக் கொடுத்தால் எல்லாரும் ஒரே திசையில் வைத்து ஏ4 அளவில் நான்கு அட்டை வெட்டுவார்கள். நீளவாக்கில் மூன்றை நிறுத்தி, மீதிப் பட்டையில் இரண்டைப் படுக்கவைத்தால் ஐந்து வரும். இதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒரு ரீம் (500 தாள்) ரூ.300, சார்ட் ரூ.15 என்று வைப்போம். தாள் 12, அட்டை 3, நூல் 1: மாறும் செலவு ரூ.16. கத்தி, ஸ்டீல் ஸ்கேல், குத்தூசி சேர்த்து மாறாச் செலவு ரூ.360. விலை ரூ.25 என்றால் ஒரு நோட்டில் ரூ.9 மிஞ்சும், 40-ஆவது நோட்டில் முதல் திரும்பிவிடும். சார்ட்டில் நான்கே அட்டை வெட்டிய குழு 44 விற்றாக வேண்டும்.

கூலியைப் பூஜ்யமாக எழுதவிடாதீர்கள். ஒரு நோட்டுக்குக் கால் மணி நேரம் ஆனால், அந்த ரூ.9 மிச்சம் மணிக்கு ரூ.36தான். வாய்ப்புச் செலவை, அதாவது இதைச் செய்வதால் கைநழுவும் வேறு வருமானத்தை, விளக்க இதைவிட நல்ல எண் கிடைக்காது.

வேலைப் பகுப்புக்கு 1776-இல் ஆடம் ஸ்மித் சொன்ன குண்டூசிப் பட்டறையை எல்லாப் பாடநூலும் காட்டும்: பத்துப் பேர், நாளுக்கு 48,000 ஊசி. அங்கே சொல்லாமல் விடுவது தேக்கம். மடிப்பவர் முன்னே ஓடிவிடுவார், தைப்பவர் முன்னால் குவியும். ஐவர் குழுவில் ஒருவர் மடிக்க, ஒருவர் துளையிட, மூவர் தைத்தால் குவியல் குறையும்.

விற்காமல் நின்ற நோட்டுகளை ரூ.25 என்று இருப்பில் எழுதுவார்கள். அடித்துவிட்டு, செய்ய ஆன செலவு ரூ.16 போடச் சொல்லுங்கள். அட்டை கறைபட்டு ரூ.10-க்குத்தான் போகும் என்றால் ரூ.10.